பழைய ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸும் அதன் மூச்சுக்குழலும்

கேடிலாக், ரோல்ஸ் ராய்ஸ், ஜாகுவார், ஃபெராரி. விலையிலும் குணத்திலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இந்த நான்கு பெயர்களையும் ஒரே கியர் பாக்ஸ் சுமந்த காலம் ஒன்று இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1964ஆம் ஆண்டு மாடல் கேடிலாக், பியூக் கார்களில் கொண்டுவந்த டர்போ ஹைட்ராமேட்டிக் 400தான் அது. மூன்று கியர், முதல் கியரின் விகிதம் 2.48, இரண்டாவது 1.48, மூன்றாவது நேர் ஓட்டம். அதன் உழைப்பைப் பார்த்து ரோல்ஸ் ராய்ஸ் தன் சில்வர் ஷேடோவுக்கு அதை வாங்கியது. 1976இல் ஃபெராரி முதன்முதலாக ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை விற்றபோது, அந்த ஃபெராரி 400இன் உள்ளே இருந்ததும் இதே பெட்டி. அடுத்த ஆண்டு முதல் ஜாகுவாரின் பன்னிரண்டு சிலிண்டர் கார்களுக்கும் இதுவே போனது.

இன்று அந்தக் கார்களில் பலவற்றுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவற்றை வைத்திருப்பவர்கள் சொல்லும் புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். கிளம்பும்போது வண்டி நன்றாக ஓடுகிறது. அரை மணி நேரம் போனதும் கியர் தாமதமாக விழுகிறது. இன்ஜின் மட்டும் உறுமுகிறது, வண்டி நகர யோசிக்கிறது. சிக்னலில் நின்றால் அடியிலிருந்து லேசான புகையும் கருகல் வாடையும் வருகின்றன. மறுநாள் காலையில் தரையில் சிவப்பாக ஒரு திட்டு. உடனே "கியர் பாக்ஸ் போச்சு" என்று முடிவாகிவிடும். பெட்டியை இறக்கிப் பிரித்து, கிளட்ச் பிளேட்டெல்லாம் மாற்றி, பெரிய செலவு செய்து மாட்டிய பிறகும் அதே புகை வருவதுண்டு. கோளாறு கிளட்ச் பிளேட்டில் இல்லாதபோது அதை மாற்றி என்ன பயன்? ஆயிலின் அளவையும், பெட்டி மூச்சு விடும் சின்னக் குழாயையும் பார்க்காமல் எந்த ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸையும் இறக்கக் கூடாது என்பதில் எனக்குத் தளராத நம்பிக்கை உண்டு. ஏன் என்பதற்கு, பெட்டிக்குள் ஆயில் என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

சாதாரண கியர் பாக்ஸில் ஆயிலுக்கு ஒரே வேலைதான்: பற்கள் தேயாமல் பார்த்துக்கொள்வது. அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். ஆட்டோமேட்டிக்கில் கதை வேறு. ஜெனரல் மோட்டார்ஸ் 1939இல் அறிவித்து 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபீலில் விற்ற ஹைட்ராமேட்டிக், பெருமளவில் தயாரான முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ். அதிலிருந்து தொடங்கி இந்தக் குடும்பம் முழுவதிலும் ஆயில்தான் உழைப்பாளி. இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்தின் பக்கம் கடத்துவது ஆயில். டர்போ ஹைட்ராமேட்டிக்கின் டார்க் கன்வர்ட்டருக்குள் இன்ஜினோடு சுற்றும் இறக்கைகள் ஆயிலை வீச, எதிரே உள்ள இறக்கைகள் அந்த வேகத்தை வாங்கிக்கொண்டு சுழல்கின்றன. கிளட்ச் பிளேட்டுகளை இறுக்கிப் பிடிப்பது ஆயிலின் அழுத்தம். எந்த வேகத்தில் எந்தக் கியர் என்று தீர்மானிப்பதும் ஆயில்தான். வால்வ் பாடி எனப்படும் வார்ப்புக்குள் ஓடும் குறுகிய வாய்க்கால்களில், ஒரு பக்கத்து அழுத்தம் மறுபக்கத்து அழுத்தத்தையும் ஸ்பிரிங்கையும் வென்றால் வால்வு நகரும், கியர் மாறும். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய காலத்துக் கணக்குப் பொறி அது. இவ்வளவுக்கும் மேலாக வெப்பத்தைச் சுமந்துபோய் ரேடியேட்டரில் கொட்டிவிட்டு வருவதும் அதே ஆயில்.

இந்த வேலைகளெல்லாம் ஒரே ஒரு பண்பை நம்பி நடக்கின்றன. ஆயிலை அழுத்தினால் அது சுருங்காது. கொடுத்த அழுத்தம் அப்படியே மறுமுனைக்குப் போய்ச் சேரும். காற்று அப்படியில்லை, அழுத்தினால் சுருங்கிக்கொள்ளும். ஆயிலில் காற்றுக் குமிழ்கள் கலந்துவிட்டால் பம்ப் கொடுக்கும் அழுத்தத்தில் ஒரு பகுதி குமிழ்களைச் சுருக்குவதிலேயே போய்விடும். கிளட்ச் பிளேட் முழுப் பிடி பிடிக்காமல் வழுக்கும். வழுக்கினால் சூடு, சூட்டில் ஆயில் இன்னும் மெலியும், மெலிந்தால் இன்னும் வழுக்கல். மெக்கானிக்குகள் "ஸ்லிப் ஆகுது" என்று சொல்வதன் பின்னால் பல நேரம் இருப்பது இந்த நுரைதான்.

நுரை எங்கிருந்து வருகிறது? அளவுக்கு மேல் ஆயில் ஊற்றினால் வரும். பெட்டியின் அடியில் தட்டையாக இருக்கும் சேம்பரில்தான் ஆயில் தேங்க வேண்டும். அதன் மட்டம் உயர்ந்து மேலே சுழலும் கியர் தொகுதியைத் தொட்டுவிட்டால், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் அந்தப் பற்கள் ஆயிலைக் கடைந்துவிடும். டீக்கடையில் ஆற்றி ஊற்றும் டீ அரை கிளாஸ் இருந்தாலும் நுரையோடு விளிம்பைத் தொடுவதுபோல, ஊற்றியதைவிட அதிக இடத்தை ஆயில் பிடித்துக்கொள்ளும். அதற்குப் போக்கிடம் மேலே உள்ள மூச்சுக்குழலும் டிப்ஸ்டிக் குழாயும்தான். அங்கிருந்து வழிந்து சைலன்சர் குழாயில் விழுகிறது. புகையும் கருகல் வாடையும் அப்படித்தான் வருகின்றன. இது சும்மா விட்டுவிடக்கூடிய விஷயமில்லை. கொதிக்கும் சைலன்சர் குழாயில் தொடர்ந்து ஆயில் வழிந்தால் தீப்பிடிக்கும்.

ஆயில் குறைந்தாலும் இதே கதை. சேம்பரின் அடியில் இருக்கும் ஃபில்ட்டர் வழியாகத்தான் பம்ப் ஆயிலை உறிஞ்சுகிறது. வளைவில் திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் இருக்கிற கொஞ்சம் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, ஃபில்ட்டரின் வாய் காற்றைக் குடிக்கிறது. மறுபடியும் நுரை, வழுக்கல், சூடு. சில நேரம் மூச்சுக்குழலில் வழிவதுகூட உண்டு. கூடினாலும் குறைந்தாலும் அடையாளம் ஒன்றாக இருப்பதால்தான் இத்தனை குழப்பம். வழிகிறதே என்று ஒருவர் கொஞ்சம் இறக்குவார், வழுக்குகிறதே என்று இன்னொருவர் கொஞ்சம் ஊற்றுவார். டிப்ஸ்டிக்கை முறையாகப் பார்க்காமல் இரண்டையும் செய்யக் கூடாது.

முறையாகப் பார்ப்பது என்றால் என்ன? வண்டியைப் பதினைந்து, இருபது கிலோமீட்டர் ஓட்டி ஆயில் நன்றாகச் சூடான பின், சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். காலால் பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு கியராக மெதுவாகக் கொண்டுபோய்த் திரும்பப் பார்க்கில் வைக்க வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கட்டும். டிப்ஸ்டிக்கை உருவி, நூல் உதிராத துணியால் துடைத்து, முழுக்க உள்ளே தள்ளி மறுபடி உருவிப் பார்க்க வேண்டும். கம்பியின் இரண்டு பக்கமும் பார்ப்பது நல்லது. குழாயின் சுவரில் ஒட்டிய ஆயில் ஒரு பக்கத்தைப் பொய்யாக நனைத்திருக்கும். இரண்டு பக்கத்திலும் எது தாழ்வோ அதுவே உண்மை. கிரைஸ்லரின் பழைய டார்க்ஃபிளைட் பெட்டியாக இருந்தால் மட்டும் பார்க்குக்குப் பதில் நியூட்ரலில் வைத்துப் பார்க்க வேண்டும். அதில் பார்க் நிலையில் டார்க் கன்வர்ட்டருக்கு ஆயில் சரியாகப் போவதில்லை.

சூடாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதன் காரணத்தை ஒரு கணக்கு காட்டும். டார்க் கன்வர்ட்டரையும் சேர்த்து இந்தப் பெட்டிக்குள் ஏறக்குறைய பத்து லிட்டர் ஆயில் இருக்கிறது. காலையில் 25 டிகிரியில் இருந்த ஆயில் ஓட்டத்தில் 85 டிகிரியைத் தொடும்போது, அதன் கன அளவு அரை லிட்டர் அளவுக்குப் பெருகிவிடும். டிப்ஸ்டிக்கில் 'ஆட்' என்ற கோட்டுக்கும் 'ஃபுல்' என்ற கோட்டுக்கும் இடையே உள்ள அளவும் கிட்டத்தட்ட அதே அரை லிட்டர்தான். குளிர்ந்த நிலையில் ஆயில் கீழ்க் கோட்டுக்கும் சற்றுத் தாழ்வாக நிற்பதே சரியான அளவு. அதைக் குறை என்று நினைத்து மேல் கோடு வரை ஊற்றுகிறவர், ஓட்டத்தில் அரை லிட்டருக்கு மேல் மிகையாக்கிவிடுகிறார். அதிலிருந்து நுரையும் வழிதலும் தொடங்கும். நெடுஞ்சாலையில் வெயிலில் வேகமாக ஓட்டி வந்த உடனே பார்த்தாலும் அளவு ஏமாற்றும். அரை மணி நேரம் ஆறவிட்டுப் பார்க்க வேண்டும்.

பல மாதம் நிறுத்தியே வைக்கப்படும் கார்களில் வேறொரு பொறி காத்திருக்கிறது. பழைய கார் என்றாலே ஆண்டில் பாதி நாள் உறை போட்டு மூடித்தான் கிடக்கும். அப்போது டார்க் கன்வர்ட்டருக்குள் இருக்கும் லிட்டர் கணக்கான ஆயில், தேய்ந்த புஷ்கள் வழியாக மெல்ல மெல்லச் சேம்பருக்கு இறங்கிவிடும். சேம்பர் நிறைந்து மட்டம் மேலேறி, சாதாரணமாக ஆயிலே படாத கியர் லீவர் தண்டின் சீலை மூழ்கடிக்கும். ஐம்பது ஆண்டு பழைய ரப்பர் சீல் அதைத் தாங்காமல் ஒழுகும். ஓட்டும்போது ஒரு சொட்டுகூட ஒழுகாத வண்டி, நிறுத்தி வைத்தால் மட்டும் தரையை நனைப்பதன் ரகசியம் இதுதான். இந்த நிலையில் டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் 'ஃபுல்' கோட்டுக்கு எவ்வளவோ மேலே நனைந்திருக்கும். பயந்துபோய் உறிஞ்சி எடுத்துவிட்டால், இன்ஜினை ஓட்டிய சில நொடிகளில் பம்ப் காற்றைக் குடிக்கத் தொடங்கும். மாற்ற வேண்டியது அந்தச் சிறிய சீலைத்தான். அதுவரை மாதம் ஒருமுறையாவது வண்டியைச் சூடாகும்வரை ஓட்டி வைப்பது நல்லது.

இனி மூச்சுக்குழல். நம் ஊர் மெக்கானிக்குகள் பிரீதர் என்பார்கள். இந்தப் பெட்டியில் அது மேல்முகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் விரல் நீளக் குழாய். காரின் அடித்தளம் அதை ஒட்டியபடி மேலே மூடியிருப்பதால் பெட்டி மாட்டியிருக்கும்போது கண்ணில் படுவதே இல்லை. பலர் அப்படி ஒன்று இருப்பதையே அறியாமல் காரை வைத்திருக்கிறார்கள். அதன் வேலை எளியது. உள்ளே ஆயில் பெருகும்போதும் காற்று சூடாகும்போதும் மிகைக் காற்றை வெளியே விட வேண்டும், ஆறும்போது வெளிக்காற்றை உள்ளே எடுக்க வேண்டும்.

அது அடைத்துக்கொண்டால்? மூடிய பெட்டிக்குள் உள்ள காற்று 25 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்குப் போனாலே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். பெருகும் ஆயில் அந்தக் காற்றின் இடத்தையும் பிடுங்கிக்கொள்வதால் அழுத்தம் அதற்கும் மேலே போகும். தண்டுகளைச் சுற்றி இருக்கும் ரப்பர் சீல்களின் உதடுகள் தெறிக்கும் ஆயிலைத் தடுக்க வைத்தவை, உள்ளிருந்து வரும் தள்ளலைத் தாங்க வைத்தவையல்ல. ஆகவே முன்சீல், பின்சீல், லீவர் சீல் என்று எது பலவீனமோ அங்கே ஒழுகும். டிப்ஸ்டிக் தானாகவே மேலே எழும்பி நிற்பதும் உண்டு. புதிய சீல் போட்டும் சில வாரத்தில் அதே இடத்தில் மறுபடி ஒழுகுகிறது என்றால், சீல் விற்ற கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் பிரீதரைப் பார்க்க வேண்டும்.

அடைப்புக்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். துரு பிடிக்காமலிருக்க அடியில் அடித்த தார்ப் பூச்சு குழாயின் வாயை மூடியிருக்கும். நீண்ட நாள் நின்ற வண்டியில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். இன்ஜினை இறக்கி ஏற்றும்போது குழாய் மேல்தகட்டில் இடித்து நசுங்கியிருக்கும். ரப்பர் ஹோஸ் மாட்டிய வண்டிகளில் அது மடிந்தோ, நடுவே தொய்ந்தோ இருக்கும். தொய்ந்த இடத்தில் ஆயில் தேங்கினால் அதுவே ஒரு மூடி.

சோதிப்பதற்கு இன்ஜினை நிறுத்தி, வண்டியை நன்றாக ஆறவிட்டு, உறுதியான ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். பிரீதர் வாயில் ஒரு சுத்தமான ரப்பர் ஹோஸைச் செருகி, டிப்ஸ்டிக்கைக் கழற்றி வைத்துவிட்டு, வாயால் மெல்ல ஊத வேண்டும். தடையில்லாமல் காற்று போக வேண்டும். கம்ப்ரஸர் காற்றை இதற்குக் கொண்டுவருவது தவறு. நன்றாக இருக்கிற சீலையும் அது பிதுக்கிவிடும். பிரீதரை ஒரு ஹோஸ் போட்டு இன்ஜின் அறையின் உயரமான இடத்துக்குக் கொண்டுபோய், தொய்வில்லாமல் கட்டி, நுனியைக் கீழ்நோக்கி வளைத்துவிடுவது எனக்குப் பிடித்த திருத்தம். செலவு மிகக் குறைவு, பலன் பெரிது. சாலைத் தண்ணீரில் இறங்கும்போது அதன் அருமை தெரியும். சூடான பெட்டி திடீரென்று குளிர்ந்ததும் உள்ளே காற்று சுருங்கி வெளியிலிருந்து உறிஞ்சும். பிரீதரின் வாய் தண்ணீருக்குள் இருந்தால் உறிஞ்சப்படுவது தண்ணீர்தான்.

தரையில் சொட்டே இல்லை, ஆனால் ஆயில் மட்டும் குறைந்துகொண்டே போகிறது என்ற புகாருக்கு இந்தப் பெட்டியில் தனி விடை உண்டு. இன்ஜின் எவ்வளவு சுமையில் உழைக்கிறது என்பதைக் கியர் பாக்ஸுக்குச் சொல்ல, வேக்குவம் மாடுலேட்டர் என்ற தகர டப்பா ஒன்று பெட்டியின் வலப்பக்கத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. அதற்குள் ஒரு ரப்பர் திரை. திரையின் ஒரு பக்கம் இன்ஜினின் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஹோஸ் வழியாக வரும் வெற்றிடம், மறுபக்கம் கியர் பாக்ஸ். திரை கிழிந்தால் இன்ஜின் அந்த ஹோஸ் வழியாகக் கியர் பாக்ஸ் ஆயிலை உறிஞ்சிக் குடித்து எரித்துவிடும். பின்னால் வெண்புகை கிளம்பும். பார்ப்பவர்கள் இன்ஜின் பிஸ்டன் ரிங் போய்விட்டது என்பார்கள். கூடவே கியர் தாமதமாகவும் அடித்தாற்போலவும் மாறும், வெற்றிடம் கிடைக்காததால் முழு ஆக்ஸிலரேட்டர் மிதித்திருப்பதாகப் பெட்டி எண்ணிக்கொள்வதால். இதை உறுதிசெய்ய ஹோஸை மாடுலேட்டரிலிருந்து உருவி, அதன் வாயைச் சுத்தமான வெள்ளைத் துணியில் தட்டிப் பார்த்தால் போதும். துணி காய்ந்தே இருக்க வேண்டும். சிவப்புக் கறை விழுந்தால் தீர்ப்பு கிடைத்துவிட்டது. ஒரு போல்ட்டையும் அதன் பிடியையும் கழற்றினால் மாடுலேட்டர் கையோடு வந்துவிடும். இந்தச் சிறு பாகத்துக்காக இன்ஜினைப் பிரித்துவிடுகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கசிவைக் கண்டுபிடிப்பதில் கண் ஏமாறும். ஓடும் காற்று ஆயிலைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போவதால், பின்பக்கம் நனைந்திருந்தாலும் ஓட்டை முன்னால் இருக்கலாம். அடிப்பக்கம் முழுவதையும் கழுவித் துடைத்து, முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவி, சிறிது தூரம் ஓட்டி வந்து பார்த்தால் பவுடரில் நனைந்த கோடு எங்கிருந்து தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும். கோடு உச்சியிலிருந்து இறங்கினால் பிரீதர் வழிகிறது என்று பொருள். ஆயிலின் நிறமும் உதவும். இன்ஜின் ஆயிலிலிருந்து பிரித்தறிவதற்காகத்தான் இதற்குச் சிவப்புச் சாயம் சேர்க்கிறார்கள்.

சேம்பரைச் சுற்றி ஒழுகினால் பலரும் உடனே போல்ட்டை இறுக்குவார்கள். அந்தப் பதின்மூன்று போல்ட்டுகளுக்கும் தேவை ஏறக்குறைய 16 நியூட்டன் மீட்டர் முறுக்குதான், அதாவது சின்ன ஸ்பேனரில் மணிக்கட்டின் பலம் மட்டும். அதற்கு மேல் இறுக்கினால் மெல்லிய தகடு ஒவ்வொரு போல்ட் துளையைச் சுற்றியும் குழிந்து, இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே மேடிட்டு அலைபோல் ஆகிவிடும். கேஸ்கெட் பிதுங்கும், கசிவு கூடும். சேம்பரைக் கழற்றித் தட்டையான இரும்புக் கட்டையில் வைத்து அந்தக் குழிகளைத் தட்டி நிமிர்த்தாமல் எந்தப் புதிய கேஸ்கெட்டும் நிற்காது. கழற்றியிருக்கும்போதே ஃபில்ட்டர் குழாயின் ஓ ரிங்கையும் மாற்றிவிட வேண்டும். ரப்பர் இறுகிப்போன அந்த வளையத்தின் வழியாகப் பம்ப் காற்றை உறிஞ்சும். ஆயில் மட்டம் சரி, பிரீதர் சரி, ஆனாலும் நுரை வருகிறது என்றால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். கசிவை நிறுத்தும் மருந்து என்று டப்பாவில் விற்பதை ஊற்றுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அது ரப்பரை ஊதவைத்துச் சில மாதம் ஒழுகலை மறைக்கும். உள்ளே இருக்கும் நல்ல ரப்பரையும் ஊதவைக்கும்.

டிப்ஸ்டிக்கில் ரோஸ் மில்க் நிறத்தில் ஆயில் வந்தால் வண்டியை அப்போதே நிறுத்திவிட வேண்டும். ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள் ஓடுகிறது. அது துருவில் ஓட்டையானால், ஓடும்போது ஆயில் கூலன்ட்டுக்குள் போகும். இன்ஜினை நிறுத்தியதும் பம்ப் நின்றுவிட, சூடான ரேடியேட்டரின் அழுத்தம் கூலன்ட்டை ஆயிலுக்குள் தள்ளும். கிளட்ச் பிளேட்டுகளில் ஒட்டியிருப்பது காகித இழையால் ஆன உராய்வுப் படலம். தண்ணீரும் கூலன்ட்டும் அதன் பசையைக் கரைத்து உரித்துவிடும். ஆயிலை மட்டும் மாற்றித் தப்பித்துவிடலாம் என்பது பெரும்பாலும் நடப்பதில்லை.

எந்த ஆயில் ஊற்றுவது என்பதும் லேசான கேள்வியில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1967இல் டெக்ஸ்ரான் என்ற தர அடையாளத்தைக் கொண்டுவந்தது. ஃபோர்டு தன் பெட்டிகளுக்கு டைப் எஃப் என்று வேறொன்றை வைத்திருந்தது. டெக்ஸ்ரானில் பிடியை மென்மையாக்கும் பொருள் உண்டு, டைப் எஃப்பில் அது கிடையாது. மாற்றி ஊற்றினால் ஒன்று கியர் விழும்போது அடிக்கும், இல்லையென்றால் வழுக்கும். அந்த மென்மைக்காகத் தொடக்க காலத்தில் சேர்த்தது ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய். ஒரு கேடிலாக் குலுங்காமல் கியர் மாறுவதற்காகக் கடலில் திமிங்கலம் ஒன்று செத்திருக்கிறது என்பதை முதன்முறை அறிகிறவர்கள் திடுக்கிடுவார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கலப் பொருள்களுக்குத் தடை போட்ட பிறகு வேதியியலாளர்கள் வேறு சேர்மங்களைத் தேடினார்கள். இன்றைய டெக்ஸ்ரான் வகை ஆயில்கள் இந்தப் பெட்டிக்குத் தாராளமாகப் போதும்.

இத்தனையும் சரியாக இருந்தும் வழுக்கல் தொடர்ந்தால்தான் பெட்டியின் மேலேயே சந்தேகம் வர வேண்டும். அப்போதும் சாட்சி சேம்பரில் கிடைக்கும். அடியில் மெல்லிய சாம்பல் நிறப் படலம் இருந்தால் கவலை வேண்டாம்; அது இத்தனை ஆண்டு ஓட்டத்தின் இயல்பான தேய்மானம். பித்தளை நிறத்தில் மின்னும் துகள்கள் புஷ்களின் தேய்மானத்தைச் சொல்கின்றன. விரலில் எடுத்துத் தேய்த்தால் கரியாக ஒட்டும் கறுப்புத் துணுக்குகள் கிளட்ச் பிளேட்டின் படலம். ஆயிலும் பழுப்பேறிக் கருகல் வாடை அடித்தால் பெட்டியை இறக்கத்தான் வேண்டும். இறக்கிய பெட்டியைத் திரும்ப ஏற்றுவதற்கு முன், பிரீதரில் ஹோஸை மாட்டி, அது எங்கும் நசுங்காமல் மேலே போவதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு அப்புறம் மற்ற போல்ட்டுகளைப் பூட்டுங்கள். ஏற்றிய பிறகு அந்த இடத்துக்குள் கை எளிதில் போகாது.